கருவி யார் கையில்? அறிவியல் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குச் சம இடம் கிடைக்கச் செய்வது எப்படி

கடலூர், பண்ருட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். பையன்களும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை அறிவியல் எடுக்கும் சக ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"நம்ம ஸ்கூல்ல முதல் மார்க்கே பொம்பளப் புள்ளைங்கதான் வாங்குதுங்க. இதுல சமத்துவம்னு பேச என்ன இருக்கு?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். மதிப்பெண்ணில் அவர்கள் முன்னால் இருப்பது உண்மைதான். ஆனால் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண்ணிடம் அம்மீட்டரையும் நாலு ஒயரையும் கொடுத்து, சுற்றை நீயே இணை என்று சொல்லிப் பாருங்கள். படத்தை மனப்பாடமாக வரைவாள். இணைக்கும்போது கை தயங்கும். பத்தாவது, பதினொன்றாவது செய்முறை வகுப்புகளில் அந்த ஒயரை அவள் தொட்டதே இல்லை என்பதுதான் காரணம்.

ஜேன் பட்லர் காலே என்ற அமெரிக்க அறிவியல் கல்விப் பேராசிரியர் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த நாட்டில் 1976-77-இல் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டில் பிள்ளைகள் சொன்ன பதில்களை எடுத்து அலசினார்கள். 9 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அறிவியல் வேலைகளில் ஈடுபடும் ஆசை பையன்கள் அளவுக்கு இருந்தது, சிலவற்றில் கூடுதலாகவே இருந்தது. ஆனால் நேரில் செய்து பார்த்த அனுபவம் மட்டும் அந்த வயதிலேயே தொடர்ந்து குறைவாக இருந்தது. ஆசையைத் தூண்ட நாம் மேடை போட்டுப் பேசுகிறோம், மகளிர் தினத்தில் பேச்சுப் போட்டி வைக்கிறோம். பற்றாக்குறை இருப்பது அனுபவத்தில். அதனால் கீழே நான் சொல்லும் எல்லாமே கருவியும் கேள்வியும் வேலையும் யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றியவை.

முதலில் ஒரு வகுப்பைப் பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் வகுப்பறையின் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையின் பெயர். உங்களோடு நன்றாகப் பழகும் ஓர் ஆசிரியரை, அவருக்குப் பாடம் இல்லாத வேளையில், கடைசி பெஞ்சில் உட்கார வையுங்கள். நீங்கள் யாரைக் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் அவர் ஒரு கோடு போட வேண்டும். "அலகு என்ன?" மாதிரி ஒரு சொல்லில் பதில் வரும் கேள்விக்கு ஒற்றைக் கோடு. "ஏன்?", "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு ஒரு வட்டம். கேட்காமலேயே கத்திப் பதில் சொன்னவருக்கு ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். இது கண்காணிப்பு என்று அவரும் நினைக்கக்கூடாது, நீங்களும் நினைக்கக்கூடாது. அடுத்த வாரம் அவர் வகுப்பில் நீங்கள் போய் உட்காருங்கள்.

மொத்தக் கோடுகளின் எண்ணிக்கையை முதலில் பார்க்காதீர்கள், அது சமமாக வந்து ஏமாற்றிவிடும். வட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். நான் பார்த்த தாள்களில் பெண் பிள்ளைகள் பக்கம் கோடுகளாகவும், பையன்கள் பக்கம் வட்டமும் பெருக்கலுமாகவும் விழுந்திருப்பதே வழக்கம். வரையறை சொல்ல அவள், காரணம் சொல்ல அவன். இதை எந்த ஆசிரியரும் வேண்டுமென்று செய்வதில்லை. கத்துகிற பக்கம் திரும்புவது மனித இயல்பு. வகுப்பு அமைதியாக வேண்டும் என்றுகூடக் கத்துகிறவனிடமே கேள்வியைத் தூக்கிப் போடுகிறோம்.

கட்டத்தில் எதுவுமே விழாத பிள்ளைகளின் பெயரை உங்கள் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் வட்டக் கேள்விகள் அவர்களுக்குத்தான். அந்தப் பட்டியலில் பையன்களும் இருப்பார்கள், கட்டாயம் இருப்பார்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

மேரி பட் ரோ என்ற இன்னொரு அறிவியல் கல்விப் பேராசிரியர் 1970-களில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து நேரத்தை அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரம் சராசரியாக 1 நொடி அளவுதான். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாக வந்தன, காரணத்தோடு வந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். 3 நொடி வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது ரொம்ப நீளமாகத் தெரியும். மனசுக்குள் மெதுவாக எண்ணுங்கள். "யாரும் கத்தக்கூடாது, எல்லாரும் முதலில் நோட்டில் எழுதுங்க, அப்புறம் நான் கூப்பிடுறேன்" என்று ஒரு விதி போட்டால் காத்திருப்பது இன்னும் எளிது.

பாராட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். பெண் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து "எவ்வளவு நீட்டா எழுதியிருக்கா பாருங்க" என்கிறோம். பையனைப் பார்த்து "மூளை இருக்கு, உட்கார்ந்து படிக்கத்தான் மாட்டேங்கிறான்" என்கிறோம். அவளுக்கு உழைப்பும் அழகும், அவனுக்கு அறிவு என்று இரண்டு பேருமே இதைக் கேட்டு வளர்கிறார்கள். நோட்டைத் திருத்தும்போது கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அவள் போட்ட வரைபடத்தில் ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகியிருந்தால் அதைக் காட்டி, "இது ஏன் இங்கே போச்சு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே மரியாதை.

தப்பான பதில் சொன்ன பெண்ணைப் பார்த்துப் பின்பெஞ்சு சிரித்தால் அதை அப்போதே நிறுத்த வேண்டும். "அவ சொன்னதுல பாதி சரி, மீதியை நீ சொல்லு" என்று சிரித்தவனை எழுப்பினால் போதும். ஒரு தடவை விட்டுவிட்டால் அந்தப் பெண் அந்த வருஷம் வாயைத் திறக்கமாட்டாள்.

ஆய்வகம்

இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் பையன்கள் குழு தனி, பெண்கள் குழு தனி. மணி அடித்ததும் பையன்கள் ஓடிப்போய் நல்ல கருவிகளை எடுத்துவிடுவார்கள். முள் ஒட்டிக்கொண்ட அம்மீட்டரும், தலைக்கோலில் எண் அழிந்த திருகு அளவியும் கடைசியில் வரும் பெண்கள் மேசைக்குப் போகும். அவர்களுக்கு அளவீடு சரியாக வராது. பக்கத்து மேசைக்காரர்களின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பிறகு "எனக்கு பிராக்டிகல் வராது மிஸ்" என்பார்கள்.

இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம். எல்லாக் கருவிகளுக்கும் பெயின்டில் எண் போடுங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன்பே மேசைகளில் வைத்துவிடுங்கள். எந்தக் குழு எந்த மேசை என்பதை வாரா வாரம் மாற்றுங்கள். பழுதான கருவி எது என்று உங்களுக்கும் தெரியும். அதை மேசைக்கே அனுப்பாமல் தனியே எடுத்து வையுங்கள். கருவி குறைந்துபோனால் குழு பெரிதாகும், பரவாயில்லை.

ஆண், பெண் கலந்த குழுவாக இருந்தால் வேறு ஒன்று நடக்கும். பையன் கருவியைப் பிடிப்பான், அவள் அவன் சொல்லும் எண்ணை எழுதுவாள். நல்ல கையெழுத்து என்று அவளிடம்தான் நோட்டு போகும். நாலு வேலையைப் பிரித்துவிடுங்கள்: இணைப்பவர், அளவு பார்ப்பவர், எழுதுபவர், கணக்குப் போட்டுச் சரிபார்ப்பவர். ஒவ்வொரு அளவீட்டுக்கும் வேலை ஒரு இடம் நகர வேண்டும். நாலு அளவீடு முடிந்தால் நாலு பேரும் நாலு வேலையும் செய்திருப்பார்கள். அட்டவணையில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் எதிரே அளவு பார்த்தவரின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு சின்ன விஷயம் எத்தனையோ அறிவுரையைவிட வேலை செய்கிறது, ஏனென்றால் திருத்தும்போது உங்கள் கண்ணில் படும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பில் கம்பியின் மின்தடை எண் காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழு சுற்றை இணைக்கும். அடுத்து வரும் குழு அதே சுற்றில் சாவியைப் போட்டு அளவு மட்டும் பார்த்துக்கொண்டு போகும். எனவே ஒரு கட்டளை: அளவு எடுத்து முடித்தவர் எல்லா ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் மேசையை விட்டு நகர வேண்டும். வருகிறவர் உப்புத்தாளால் ஒயர் முனையைத் தேய்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும், உண்மை. ஒரு பாடவேளையில் முடியாது. ஆனால் அம்மீட்டர் தொடராக, வோல்ட்மீட்டர் பக்கமாக என்று புத்தகத்தில் படித்தது விரலுக்குள் இறங்குவது அப்போதுதான். முள் எதிர்ப்பக்கம் ஓடி, ஒயரை மாற்றிப் போட்டு, சரியாக வந்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஷாக் அடிக்கும், தொடாதே" என்பதை வீட்டில் பெண் பிள்ளைகள் அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள். ஃப்யூஸ் போனால் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே முதல் வகுப்பிலேயே 2 வோல்ட் மின்கலத்தின் இரண்டு முனையையும் நீங்களே உலர்ந்த விரலால் தொட்டுக் காட்டுங்கள், அப்புறம் ஒவ்வொருவராகத் தொடச் சொல்லுங்கள். வீட்டில் வரும் 230 வோல்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், எதைத் தொடவே கூடாது என்று அந்த இடத்திலேயே விளக்குங்கள். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று தெரிந்துவிட்டால் கை தானாக நீளும்.

வேதியியல் பக்கம் வேறு ஒரு காரணம் சொல்வார்கள். "ஷால் பத்திக்கும், நீ தள்ளி நில்லு." ஷாலும் பின்னலும் தீப்பிடிக்கக்கூடியவை என்பது சரிதான். அதற்காகத் தள்ளி நிறுத்தக்கூடாது. ஆய்வகக் கதவில் ஒரு டப்பாவில் ஊக்கும் ரப்பர் பேண்டும் போட்டு வையுங்கள். ஷாலைக் குறுக்கே போட்டு ஊக்கு குத்தி, பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு, சாராய விளக்கை அவளே பற்றவைக்கட்டும். முழுக்கைச் சட்டை போட்டுவரும் பையனுக்கும் இதே கவனம் வேண்டும்.

மாதவிடாய் நாளில் செய்முறை வகுப்புக்கு வராமல் போகும் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை அதோடு போய்விடுகிறது. கருவிகளை அந்த வாரம் முழுக்க ஒரு மேசையில் எடுத்து வைத்திருங்கள், காரணம் கேட்காமல் யார் வேண்டுமானாலும் மதியம் வந்து செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள். அரசு தரும் இலவச நாப்கின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்து, சாவி வைத்திருக்கும் ஆசிரியை விடுப்பில் போனால் பிரயோஜனம் இல்லை. கைக்கெட்டும் இடத்தில், கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை அறிவியல் ஆசிரியர் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளை கடைசிப் பாடவேளையில் பியூரெட் அளவைக் கவனமாகப் பார்க்க முடியுமா என்றுதான் நான் கேட்பேன்.

விஞ்ஞானியை வரையச் சொல்லுங்கள்

ஒரு பாடவேளை போதும். வெள்ளைத்தாள் கொடுத்து, "ஒரு விஞ்ஞானி வேலை செய்வதை வரையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒன்றும் சொல்லவேண்டாம். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் வரைந்ததில் 28 படங்களில்தான் பெண் விஞ்ஞானி இருந்தார். அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் பெண் குழந்தைகள். ஒரு பையன்கூட வரையவில்லை. பிறகு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்டபோது, 1985-க்குப் பிந்தைய படங்களில் பெண் விஞ்ஞானி வந்தது சராசரியாக 28 சதவீதம். அங்கே மாறியிருக்கிறது. மாறக்கூடியதுதான் என்பதற்கு இதுவே சாட்சி.

படங்களைச் சுவரில் ஒட்டுங்கள், விமர்சனம் வேண்டாம். பாடத்தோடு சேர்த்துக் கதை சொல்லுங்கள். காற்றழுத்தம் நடத்தும்போது அன்னா மணியைச் சொல்லாமல் விடாதீர்கள். 1918-இல் இன்றைய கேரளத்திலுள்ள பீர்மேட்டில் பிறந்தவர். சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தரவில்லை. அப்புறம் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் படித்துவிட்டு வந்து, இந்திய வானிலைத் துறையில் அந்தக் கருவிகளை இங்கேயே செய்ய வழிவகுத்தார். கடலூர்ப் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதை கிடையாது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறி பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்த கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் கருவிகள் இருக்கின்றன, அந்தக் கருவிகளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள். செங்கோட்டையில் பிறந்து, சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநரான நிகர் ஷாஜியையும், ரிசாட்-1 என்ற ராடார் செயற்கைக்கோள் திட்டத்தை நடத்திய அரியலூர் வளர்மதியையும் சொல்லலாம்.

ஆனால் பெரிய பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். "அவங்கள்லாம் வேற மிஸ்" என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். பிள்ளைகளின் அம்மாக்களைக் கூப்பிடுங்கள். முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மா, செவுளைப் பார்த்து மீன் எப்போது பிடித்தது என்று சொல்லுவார், கருவாட்டுக்கு எவ்வளவு உப்பு என்று சொல்லுவார், ஐஸ் எப்படி அடுக்கினால் நீடிக்கும் என்று சொல்லுவார். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் அம்மாவின் விரல்கள் ஓட்டு எண்ணெயால் தோலுரிந்து கறுத்திருக்கும். ஏன் என்று அமிலப் பாடத்தில் கேளுங்கள். சாம்பலோ எண்ணெயோ எதற்குத் தடவிக்கொள்கிறார்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வகுப்பின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஆசிரியருக்குத் தரும் அதே மரியாதையோடு கேளுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. முடிந்தால் முன் அனுமதி வாங்கிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

வகுப்புக்கு வெளியே

பள்ளியில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அதிகாரி வந்தால் கோலம் போடுவதும் தட்டு ஏந்தி நிற்பதும் டீ கொண்டுவருவதும் பெண் பிள்ளைகள். புரொஜெக்டர் மாட்டுவது, மைக் செட் இணைப்பது, கணினி அறைச் சாவி வைத்திருப்பது பையன்கள். பெஞ்சு தூக்க வேண்டுமென்றால் நோஞ்சான் பையனைக் கூப்பிடுவார்கள், பக்கத்தில் நிற்கும் திடமான பெண்ணைக் கூப்பிடமாட்டார்கள். கூட்டுவதற்கு யாரை அனுப்புகிறார்கள் என்று பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: எந்தத் தெருவிலிருந்து வரும் பெண்ணை அனுப்புகிறார்கள்? நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் சமத்துவம் பேச முடியாது. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லா வேலைக்கும் சுழற்சி அட்டவணை போட்டு வகுப்பில் ஒட்டிவிட்டால் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கண்காட்சி, போட்டிகளுக்கு வெளியூர் போகும்போது பெண் பிள்ளைகளின் பெயர் கடைசி நேரத்தில் உதிர்ந்துவிடும். கூடப் போக ஆசிரியை இல்லை, திரும்ப இருட்டிவிடும் என்பார்கள். தேதி தெரிந்த அன்றே உடன்போகும் ஆசிரியையை முடிவு செய்து, திரும்பும் நேரத்தையும் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். செய்முறை சிறப்பு வகுப்பை மாலையில் வைக்காமல் காலையிலோ மதியத்திலோ வையுங்கள். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் ஓடுகிற பிள்ளைகள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

தொந்தரவு என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்) என்ற இரண்டு எண்களும் ஆய்வகச் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

பையன்களின் பெற்றோரும் சில ஆசிரியர்களும், "எல்லாம் பொண்ணுங்களுக்கேவா?" என்று கேட்பார்கள். காலேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்லுங்கள். அமெரிக்க நகர்ப்புறங்களில் ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளிகளில், கேள்வி கேட்டுத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையில் பாடம் நடத்தியபோது பிள்ளைகளின் தேர்ச்சியும் அறிவியல்மீதான விருப்பமும் உயர்ந்தன. பையன்களுக்கு அது குறிப்பாகப் பலன் தந்தது.

பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப்

பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் பெற்றோரிடம் பேசினால் தாமதம். பொங்கல் விடுமுறை முடிந்ததுமே பேசத் தொடங்குங்கள். "கணக்கு குரூப் கஷ்டம், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்று அப்பா சொல்லும்போது வாதாட வேண்டாம். அவர் பயப்படுவது செலவுக்கும் தூரத்துக்கும். எனவே கையில் விவரத்தோடு போங்கள். பக்கத்தில் எந்த மேல்நிலைப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறது, எந்த பஸ் போகிறது, பெண்களுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, பாலிடெக்னிக் வழி என்ன, பொறியியல், நர்சிங், பி.எஸ்சி. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாடம் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். இடையில் பள்ளி மாறியவர்களுக்கு எந்த வகுப்பை எங்கே படித்தார் என்ற பதிவில் குழப்பம் வரலாம். அந்தப் பதிவையும், ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பத்தாவதிலேயே பார்த்துத் திருத்தி வாங்கிவிடுங்கள்.